லாக்₅ 20: ஒரே கணக்குக்கு ரெண்டு விடை வருது, எது சரி?

ஈசூன்_அம்மா · ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மகன் உயர்நிலை 3, இந்த வருஷம்தான் ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுத்திருக்கான். நாளைக்குக் கொடுக்க வேண்டிய வொர்க்‌ஷீட்ல முதல் கேள்வி: லாக்₅ 20 எவ்வளவு, 3 முக்கிய இலக்கத்துக்குச் சொல். பின்பக்கம் அச்சடிச்சிருக்கிற விடை 1.86. இவனுக்கு 1.46 வருது. மூணு தடவை தட்டிட்டான், மூணு தடவையும் அதேதான்.

அவனோட கால்குலேட்டர் போன வாரம் பஸ்ஸோட போயிடுச்சு. இப்ப வச்சிருக்கிறது அக்காவோட பழசு. என் போன்ல பார்த்தா ‘லாக்’னு ஒண்ணு, ‘எல்என்’னு ஒண்ணு, அவ்வளவுதான். 5ன்னு அடிமானம் போட இடமே இல்லை. டியூஷன்ல “லாக்கை லாக்கால வகுத்துடு, முடிஞ்சுது” என்று சொல்லிக் கொடுத்தாங்களாம். அதைத்தான் செஞ்சேன்னு சத்தியம் பண்றான்.

நான் காமர்ஸ் படிச்சவ. பற்று வரவு கேட்டா சொல்வேன், லாக் கேட்டா முழிப்பேன். அச்சுப் பிழையா, கால்குலேட்டர் கோளாறா, பையன் கோளாறா?

காப்பி_ஓ_கொசொங் · 9.20

அச்சுல இருக்கிறது சரி அக்கா. லாக் தெரியாமலே சோதிச்சுப் பார்க்கலாம். 5ஐ எந்த அடுக்குக்கு ஏத்தினா 20 வரும்ங்கிறதுதான் கேள்வி. 5ஐ 1.86 அடுக்குக்கு ஏத்துங்க, 19.96 வரும். 1.46க்கு ஏத்துங்க, 10.48தான் வரும். நமக்கு வேண்டியது 20. முழுசா 20 வராததுக்குக் காரணம் 1.86ங்கிறது வெட்டின எண். பையன் எங்கேயோ தப்பாத் தட்டுறான்.

வாத்தியார்_ஓய்வில் · 9.31

அம்மா, விடையை விட்டுடுங்க. திரையில மேல் வரியில என்ன இருக்குன்னு அப்படியே எழுதுங்க. ஒரு குறியைக்கூட விடாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

ஈசூன்_அம்மா · 9.38

இதுதான் சார்:

லாக்( 20 ÷ லாக்( 5

கீழே 1.456571...

வாத்தியார்_ஓய்வில் · 9.52

நினைச்சேன். வருஷா வருஷம் இந்த 1.456ஐப் பார்த்திருக்கேன். எண் மாறும், தப்பு மாறாது.

லாக் பொத்தானை அமுக்கினதும் கால்குலேட்டர் தானே ஒரு அடைப்பைத் திறந்து வைக்குது. 20 போட்டதும் பையன் அதை மூடலை. நேரா வகுத்தல் குறிக்குப் போயிட்டான். மெஷினுக்கு என்ன புரியும்? அடைப்பு இன்னும் திறந்துதான் இருக்கு, அப்ப 20ல இருந்து கடைசி வரைக்கும் எல்லாமே முதல் லாக்குக்குள்ளே என்று எடுத்துக்கும். அது போட்ட கணக்கு இது: முதல்ல 5க்கு லாக், 0.69897. 20ஐ அதால வகுத்தா 28.61. அந்த 28.61க்கு லாக், 1.4566. மெஷின் தப்பே பண்ணலை. நாம கேட்காத கேள்விக்குச் சரியான விடையைக் கொடுத்திருக்கு.

தட்ட வேண்டிய முறை: லாக், 20, அடைப்பை மூடு, வகுத்தல், லாக், 5, அடைப்பை மூடு, சமம். 1.30103 ÷ 0.69897 = 1.861353. கடைசி அடைப்பை மூடாட்டியும் பிழைக்கலாம், 20க்குப் பின்னால வர்றதை மூடாம இருக்கவே கூடாது. திரையில பின்னம் மாதிரியே காட்டுற மாடலா இருந்தா முதல்ல பின்னப் பொத்தானை அமுக்கி, மேலே லாக் 20, கீழே லாக் 5 என்று போடச் சொல்லுங்க. அப்படிப் போட்டா மூடாட்டியும் கணக்கு கலையாது.

இன்னொண்ணு. கணினியில இருக்கிற விண்டோஸ் கால்குலேட்டர்ல எண்ணை முதல்ல போட்டுட்டு அப்புறம்தான் லாக்கை அமுக்கணும். சில போன்லயும் அப்படித்தான். வீட்டுல போன்ல பழகிட்டு பரீட்சையில கேசியோவை எடுத்தா கை தடுமாறும்.

ஈசூன்_அம்மா · 10.04

1.861 வந்துடுச்சு! ரொம்ப நன்றி சார். ஆனா இப்பதான் பெரிய கேள்வி கேக்குறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன்: “இந்தப் பொத்தான் 10 அடிமானத்து லாக். கேள்வி 5 அடிமானம். 10க்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? அது எப்படி உள்ளே வந்துட்டு விடையில காணாமப் போகுது?” எல்என் பொத்தான்ல போட்டுப் பார்த்தானாம், அதுலயும் அதே 1.861.

எனக்கும் புரியலை. தெரிஞ்ச மாதிரி தலையை மட்டும் ஆட்டி வச்சிருக்கேன்.

வாத்தியார்_ஓய்வில் · 10.25

பையனைத் தட்டிக் கொடுங்க. வகுப்புல நாற்பது பேர் சூத்திரத்தை எழுதிக்குவாங்க, ஒருத்தன் கேட்பான் இந்தக் கேள்வியை.

தேக்காவுல பூ வாங்குறீங்க. சரம் எத்தனை முழம்னு தெரியணும். கடைக்காரம்மா கையால அளப்பாங்க. அவங்க இல்லை, உங்க கையில ஒரு டேப் இருக்கு. என்ன செய்வீங்க? சரத்தை டேப்பால அளப்பீங்க. அவங்க ஒரு முழம் எவ்வளவுன்னு அதே டேப்பால அளப்பீங்க. முன்னதைப் பின்னதால வகுப்பீங்க. டேப் அங்குலமா இருந்தாலும் சென்டிமீட்டரா இருந்தாலும் முழக்கணக்கு மாறாது. ரெண்டையும் ஒரே டேப்பால அளக்கணும், நிபந்தனை அவ்வளவுதான்.

இங்கே சரம் 20, முழம் 5. லாக் ஒரு டேப், எல்என் இன்னொரு டேப். லாக்கில அளந்தா 1.30103க்கு 0.69897. எல்என்னில அளந்தா 2.99573க்கு 1.60944. அளந்த எண்கள் வேற வேற, வகுத்தா ரெண்டுமே 1.861353. மேலே லாக், கீழே எல்என் போட்டா அங்குலத்தைச் சென்டிமீட்டரால வகுத்த கதைதான்.

நோட்டுல எழுத வேண்டியது மூணே வரி. விடை எக்ஸ் என்று வை. 5ன் எக்ஸ் அடுக்கு = 20. ரெண்டு பக்கமும் லாக் எடு: எக்ஸ் × லாக் 5 = லாக் 20. அடிமான மாற்றச் சூத்திரம் என்று சொல்றது இதுதான். ஏ-மேத்ஸ் தேர்வுத்தாளில் கொடுக்கிற சூத்திரப் பட்டியல்ல இது கிடையாது. மறந்துட்டா இந்த மூணு வரியை எழுதித்தான் மீட்கணும்.

ஜேசி_தம்பி · 10.33

சார் மன்னிக்கணும், எதுக்கு இவ்வளவு? இப்ப வர்ற கேசியோவுல ‘லாக்’குக்குக் கீழே குட்டியா ஒரு கட்டம், பக்கத்துல பெரிய கட்டம் போட்டு ஒரு பொத்தானே இருக்கு. கீழே 5, பக்கத்துல 20, சமம், முடிஞ்சுது. நான் ஓ-லெவல் முழுக்க அதை வச்சே ஓட்டினேன். அக்கா, புது கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்துடுங்க லா. எப்படியும் தொலைஞ்சுபோச்சு.

வாத்தியார்_ஓய்வில் · 10.41

தம்பி, நானும் சரிபார்க்க அந்தப் பொத்தானைத்தான் அமுக்குவேன். வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதே கேசியோவை ஒரே வரியில காட்டுற முறைக்கு மாத்திட்டு லாக்( 20 , 5 ) என்று தட்டிப் பாரு. என்ன வருதுன்னு சொல்லு.

ஜேசி_தம்பி · 10.49

0.537 சார்.

ஓ. அடிமானம் முதல்ல வரணுமா. 5 , 20 என்று போட்டா 1.861.

ஆனா எங்க ஜேசியில (ஜூனியர் காலேஜ்ல) வச்சிருக்கிற டிஐ-84 கால்குலேட்டர்ல எண் முதல்ல, அடிமானம் பின்னாலதானே? இது என்ன அநியாயம்?

பைத்தான்_பிடாரன் · 11.02

இந்தக் குழப்பத்துல சோறு திங்கிறவன் வந்திருக்கேன், நகருங்க.

எக்செல்: எண் முதல்ல, அடிமானம் அடுத்து. அடிமானம் போடலைன்னா 10 என்று எடுத்துக்கும். பைத்தான்: எண் முதல்ல, அடிமானம் அடுத்து, போடலைன்னா ஈ (2.718...) அடிமானம். அதாவது பைத்தான்ல ‘லாக்’னு எழுதினா கால்குலேட்டரோட எல்என். எக்செல்லுக்கு உள்ளேயே ஒரு கூத்து: கட்டத்துல எழுதுற லாக் 10 அடிமானம், அதே ஃபைலுக்கு விபிஏ மேக்ரோ எழுதினா அங்கே லாக் என்றால் ஈ அடிமானம். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு முழக்கோல்.

என் சொந்தக் கதை ஒண்ணு. சாங்கி பக்கம் ஒரு கம்பெனியில சேர்ந்த புதுசு. ரசீது எண்ணுக்கு எத்தனை இலக்கம்னு கணக்குப் பண்ணி முன்னால சுழியம் ஒட்டணும். 10 அடிமானத்துல லாக் எடு, தசமத்தை வெட்டு, 1 கூட்டு, இலக்க எண்ணிக்கை வந்துடும். 999க்கு 3, 1000க்கு 4. அழகா எழுதி ஏத்திட்டேன். ரசீது எண் 1000 வந்த அன்னிக்கு எல்லாம் கலைஞ்சுது. பைத்தான்ல 1000க்கு 10 அடிமானத்துல லாக் கேட்டா 3 வராது. 2.9999999999999996 வரும். தசமத்தை வெட்டினா 2. என் புரோகிராம் 1000ங்கிறது மூணு இலக்க எண்ணுன்னு அடிச்சுச் சொல்லுச்சு.

காரணம் வாத்தியார் சொன்ன அதே வகுத்தல்தான். உள்ளே எல்என் 1000த்தை எல்என் 10ஆல வகுக்குது. ரெண்டுமே முடிவில்லாத தசமம், மெஷின் ரெண்டையும் ஓரத்துல வெட்டித்தான் வச்சிருக்கு. வெட்டினதை வெட்டினதால வகுத்தா மயிரிழை குறையும். இல்லை கூடும்: 125க்கு 5 அடிமானத்துல கேட்டா 3.0000000000000004. 10 அடிமானத்துக்குத் தனியா லாக்10 என்று ஒண்ணு இருக்கு, அதுல 1000க்குச் சரியா 3.0 வருது. ஆனா இலக்கம் எண்ண லாக்கே வேண்டாம், எண்ணை எழுத்தா மாத்தி நீளம் பார்த்தாப் போதும். மேனேஜர் அதைச் சொன்னப்ப அவர் முகத்தை நான் பார்க்கலை.

காப்பி_ஓ_கொசொங் · 11.10

ஹாஹா. “ரசீது எண் 1000 வந்த அன்னிக்கு.” நான் அந்த மேனேஜர் பக்கம்.

லாக் சிங்கப்பூர்க்காரனுக்கு எங்கே உதவும்னு கேட்டா மசேநி (மத்திய சேமநிதி). சாதாரணக் கணக்குல வருஷத்துக்கு 2.5% வட்டி. எடுக்காம போடாம அப்படியே விட்டா எத்தனை வருஷத்துல ரெட்டிப்பாகும்? அடிமானம் 1.025, எண் 2. நான் கையால போட்டேன்: லாக் 2 = 0.30, லாக் 1.025 = 0.01, ஆக 30 வருஷம். சரியா சார்?

வாத்தியார்_ஓய்வில் · 11.18

ரெண்டு வருஷத்தைக் கூடச் சேர்த்துட்டீங்க. லாக் 1.025ன் முழு மதிப்பு 0.0107239. நீங்க அதை 0.01 ஆக்கினதுல கிட்டத்தட்ட ஏழு சதவீதம் பறந்துபோச்சு. சரியான விடை 28.07. அதையே 0.011 என்று மேல தள்ளினா 27.4 வரும். கீழே இருக்கிற எண் சின்னதா இருக்கும்போது அதை வெட்டுறது ரொம்ப ஆபத்து.

பசங்களுக்குச் சொல்லுங்க: நடுவில வர்ற எண்ணை எழுதி வச்சு மறுபடி தட்டாதே. முழுக்கணக்கையும் ஒரே ஓட்டமா தட்டு, இல்லை மெமரியில போடு. 3 முக்கிய இலக்கம்ங்கிறது கடைசி வரிக்கு மட்டும்.

28.07லயும் ஒரு கொக்கி இருக்கு. மசேநி வட்டியை மாசாமாசம் கணக்குப் பண்ணினாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரவு வைக்கிறாங்க. 28 வருஷ முடிவுல 1000 வெள்ளி 1996 வெள்ளி 50 காசா நிக்கும். மூணரை வெள்ளி குறையும். அப்ப “எத்தனை முழு வருஷம்” என்று கேட்டா விடை 29. பரீட்சையில 28.07ஐ 28 என்று எழுதிட்டு வந்து ‘ரவுண்ட் பண்ணேன் சார்’ என்று நிப்பாங்க.

பெரியவர்_சிராங்கூன் · 11.34

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் ரெட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்பது எங்கள் காலத்துக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த குறுக்குவழி. 72 ÷ 2.5 = 28.8. கால்குலேட்டர் இல்லாமல் இவ்வளவு நெருங்கினால் போதாதா?

நான் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். 1982இல் மூடினார்கள். அங்கே லாக் என்று யாரும் சொல்லமாட்டோம், மடக்கை. அடிமானம் என்ற சொல்லை இங்கே ஓர் அம்மா எழுதியதும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. கையில் நான்கு இலக்க மடக்கை அட்டவணை. ஓரமெல்லாம் விரல் அழுக்கு.

இந்தப் பிள்ளையின் கணக்கை அட்டவணையில் எப்படிச் செய்வோம் என்று காட்டுகிறேன். 20க்கு மடக்கை 1.3010. 5க்கு 0.6990. இப்போது 1.3010ஐ 0.6990ஆல் வகுக்க வேண்டும். நெடுவகுத்தல் செய்ய யாருக்குப் பொறுமை? அதற்கும் மடக்கைதான்! 1.3010க்கு மடக்கை 0.1143. 0.6990க்கு மடக்கை, பார் ஒன்று புள்ளி 8445. அதாவது முழுப்பகுதி கழித்தல் 1, தசமப்பகுதி கூட்டல் 0.8445, சேர்த்துப் பார்த்தால் −0.1555. முதலாவதிலிருந்து இதைக் கழித்தால் 0.2698. எதிர்மடக்கை அட்டவணையில் 0.2698 பார்த்தால் 1.861.

மடக்கைக்கே மடக்கை எடுத்திருக்கிறோம், கவனித்தீர்களா? பிள்ளை அடைப்பை மூடாமல் செய்ததும் அதுதான். 5ன் மடக்கைக்கு மறுபடி மடக்கை. அவன் விடை 1.4566 எங்கிருந்து வந்தது? 1.3010 + 0.1555, கடைசி இலக்கம் மட்டும் வெட்டியதால் ஒன்று விலகும். அதே 0.1555. நாங்கள் வேண்டுமென்றே போன சந்துக்குள் அவன் வழி தவறிப் போயிருக்கிறான்.

வாத்தியார்_ஓய்வில் · 11.41

ஐயா, இத்தனை வருஷம் அந்தத் தப்பைத் திருத்தியிருக்கேன். அந்த 0.1555ஐ ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எழுந்து நின்னு கும்பிடுறேன்.

ஜேசி_தம்பி · 11.44

‘பார் ஒன்று’னா என்ன ஐயா?

பெரியவர்_சிராங்கூன் · திங்கள் காலை 6.50

நேற்றிரவு தூங்கிவிட்டேன் தம்பி. எண்ணின் தலைமேல் போடும் ஒரு சிறு கோடு. அட்டவணையில் தசமப்பகுதி எப்போதும் நேர் எண்ணாகத்தான் அச்சிட்டிருக்கும். 5க்கும் 50க்கும் 0.05க்கும் ஒரே 6990. முன்னால் உள்ள முழுப்பகுதியை நாமே போட வேண்டும்: 0, 1, பார் இரண்டு. பத்தை அடிமானமாக வைத்ததன் முழுப் பலனும் இதில்தான். வேறு அடிமானத்தில் ஒரே வரிசையை இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாது.

1614இல் ஸ்காட்லாந்தின் நேப்பியர் வெளியிட்ட மடக்கைகள் பத்தை அடிமானமாகக் கொண்டவை அல்ல. லண்டனிலிருந்து பிரிக்ஸ் அவரைத் தேடி எடின்பரோவுக்குப் போய்ப் பேசி, பிறகுதான் பத்து வந்தது. 1617இல் பிரிக்ஸ் 1 முதல் 1000 வரை பதினான்கு தசம இடங்களுக்கு மடக்கை கண்டு அச்சிட்டார். கையால். உங்கள் கால்குலேட்டரில் ‘லாக்’ பொத்தான் பத்துக்கு என்று இருப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

மெட்டுக்காரி · திங்கள் மதியம் 1.15

வேலைக்கு நடுவில எட்டிப் பார்த்தேன், எழுதாம போக மனசில்லை. எனக்குத் தெரிஞ்சதிலேயே விசித்திரமான அடிமானம் வீணையிலதான் இருக்கு.

சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3க்கு 2. ச 240 என்றால் ப 360. மேல் ச 480, ரெண்டு மடங்கு. கீபோர்டுல அந்த ரெண்டு மடங்கைப் பன்னிரண்டு சமமான படியா வெட்டியிருக்காங்க. சமம்னா கூட்டல்ல சமம் இல்லை, பெருக்கல்ல சமம். ஒவ்வொரு படியும் முந்தினதைப் போல 1.059463 மடங்கு. பன்னிரண்டு தடவை பெருக்கினா 2.

இப்ப பஞ்சமம் எத்தனையாவது படி? அடிமானம் 1.059463, எண் 1.5. லாக் 1.5 ÷ லாக் 1.059463 = 7.02. ஏழாவது படிக்கு மயிரிழை மேலே. கீபோர்டுல ஏழாவது கட்டைதான் ப. ஆக கீபோர்டின் பஞ்சமம் சுத்தப் பஞ்சமத்தை விட 0.02 படி தாழ்வு. சுருதி பார்க்கிற ஆப்பில் ஒரு படியை நூறாப் பிரிச்சுக் காட்டும். தம்புராவோட சேர்த்து நான் காதால ப சேர்த்தா முள் +2ல நிக்கும். ரொம்ப நாள் என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு கவலைப்பட்டிருக்கேன்.

சுத்த மத்தியமம் 4க்கு 3. அதையும் தட்டினேன்: 4.98. ப 7.02, ம 4.98, கூட்டினா 12. மத்தியமம் சட்ஜத்துக்கு எவ்வளவு மேலேயோ, பஞ்சமம் மேல் சட்ஜத்துக்கு அவ்வளவு கீழே. பாட்டு டீச்சர் இதைக் கையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க. அன்னிக்குப் புரியலை.

பைத்தான்_பிடாரன் · 1.32

அக்கா, இதுக்கு முன்னால என் ரசீது எண் கதையை அழிச்சுடலாம் போல இருக்கு.

காப்பி_ஓ_கொசொங் · 1.40

அழிச்சா நான் மறுபடி போடுவேன்.

ஈசூன்_அம்மா · திங்கள் இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. வொர்க்‌ஷீட் கொடுத்தாச்சு, முதல் கேள்வி சரி. புது கால்குலேட்டரும் வாங்கியாச்சு. தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தோட அனுமதிப் பட்டியலைப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர், ஜேசி_தம்பி சொன்ன டிஐ-84 மாதிரி கிராஃபிங் கால்குலேட்டரைத் தள்ளிவிடப் பார்த்தார், ஓ-லெவலுக்கு அதை உள்ளே விடமாட்டாங்கன்னு தெரிஞ்சதால தப்பிச்சேன்.

இப்ப கட்டம் போட்ட பொத்தான் கிடைச்சதுல இருந்து கையை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லை. அடிமானம் 1 போட்டான், ‘மேத் எரர்’. அடிமானம் 0.5, எண் 8 போட்டான், −3 வந்துச்சு. கால்குலேட்டர் கெட்டுப்போச்சா அம்மாங்கிறான். வாங்கி ரெண்டு மணி நேரம்தான் ஆகுது!

வாத்தியார்_ஓய்வில் · 8.37

கெடலை. 1க்கு லாக் சுழியம், அதைக் கீழே வச்சு வகுக்க முடியாது. வேற மாதிரி சொன்னா, 1ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1தான், அதால எதையும் அளக்க முடியாது. நீளமே இல்லாத முழம். 0.5 கணக்கு: அரையை அரையால பெருக்கப் பெருக்க சின்னதாகுது. 8க்குப் போகணும்னா பின்னால நடக்கணும், மூணு அடி. அதான் −3.

தட்டுறதுக்கு முன்னால ரெண்டு வினாடி யோசிக்கப் பழக்குங்க. லாக்₅ 20: 5ன் முதல் அடுக்கு 5, ரெண்டாம் அடுக்கு 25. 20 நடுவில, 25 பக்கமா. விடை ஒண்ணேமுக்காலுக்கு மேல இருக்கணும்னு தோணிடும். 1.46 என்றதும் உறுத்தியிருக்கணும். லாக்₇ 50: 7 ஏழு 49, அப்ப 2ஐ விட ஒரு துளி கூட. தட்டினா 2.01. அந்தத் துளியை முன்கூட்டியே சொல்ற பிள்ளைக்கு அடைப்பு மறந்தாலும் கவலை இல்லை.

ஜேசி_தம்பிக்கு ஒரு கணக்கு. அடிமானம் 3ல் எக்ஸின் லாக், அடிமானம் எக்ஸில் 3ன் லாக்கைப் போல நாலு மடங்கு. எக்ஸ் எவ்வளவு? உங்க கட்டப் பொத்தான்ல எதை எங்கே போடுவீங்க?

ஜேசி_தம்பி · 8.55

போட இடமில்லை சார். அடிமானமே எக்ஸ். ஒத்துக்கிறேன்.

முதல் லாக்கை ‘ம’ என்று வச்சா ரெண்டாவது 1/ம. ம = 4/ம, ம² = 4, ம = 2. எக்ஸ் = 9.

மெட்டுக்காரி · 8.58

ம = −2?

ஜேசி_தம்பி · 9.01

ஐயோ. 1/9ம் உண்டு. ஓ-லெவல் முடிச்சு ஒரு வருஷம்தான் சார் ஆகுது, அதுக்குள்ள...

வாத்தியார்_ஓய்வில் · 9.05

அந்த 1/9க்கு ஒரு மார்க். பாதிப் பேர் அங்கேதான் விடுவாங்க.

ஈசூன்_அம்மா · 9.30

சார், கடைசியா ஒண்ணு. ஜேசி_தம்பி சொன்ன அந்த 1/ம என்னன்னு நான் கேக்குறதுக்கு முன்னாலயே இவன் கண்டுபிடிச்சுட்டான். லாக்₅ 20 போட்டான், 1.861. திருப்பி லாக்₂₀ 5 போட்டான், 0.537. அப்புறம் ஒண்ணின் கீழ் போடுற பொத்தானை அமுக்கினான், 1.861 திரும்பி வந்துச்சு. நேத்து அந்தத் தம்பிக்குக் காற்புள்ளி மாறினப்ப வந்ததும் இதே 0.537தானேன்னு இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுறான்.

இப்ப கேக்குறான்: மெட்டுக்காரி ஆன்ட்டி வீணையில மொத்தம் எத்தனை மெட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உள்ள தூரம் ஏன் போகப் போகக் குறையுது, அதுக்கும் லாக்கான்னு.

மெட்டுக்காரி · 9.41

இருபத்துநாலு. லாக்தான். சனிக்கிழமை டேப் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, அளந்தே பார்த்துடலாம்.

வாத்தியார்_ஓய்வில் · 9.44

அங்குலமா சென்டிமீட்டரா?

மெட்டுக்காரி · 9.45

😂 எதுவா இருந்தாலும் ஒரே டேப், சார்.